வழி சொல்லுங்கள், கூடப் போகாதீர்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி மையத்தில் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். வாழ்த்துகள். மேசை வந்துவிட்டது, மின்விசிறி சுற்றுகிறது, ‘இங்கே ஆலோசனை வழங்கப்படும்’ என்ற பிளெக்ஸும் மாட்டியாகிவிட்டது. என்ன ஆலோசனை என்பது மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பதற வேண்டாம். இந்தத் தொழிலில் காலமெல்லாம் குப்பை கொட்டியவர்கள் பலர் அது இல்லாமலேயே மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அவர்கள் கையாண்ட நுட்பங்களைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். அரசு அலுவலக மேசை, அறக்கட்டளையின் வரவேற்பறை, கவுன்சிலர் வீட்டுத் திண்ணை, ‘கலெக்டர் ஆபீஸ்ல எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்கதான்’ என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் என்று யாருக்கும் இது பொருந்தும்.

அடிப்படை விதி ஒன்றே ஒன்று. வழி சொல்லலாம், கூடப் போகக் கூடாது. வழி சொன்னால் உங்களுக்குப் புண்ணியம், கேட்டவருக்கு அலைச்சல். கூடப் போனாலோ காரியம் முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது. காரியம் முடிந்தவர் திரும்பி வரமாட்டார். அப்புறம் பதிவேட்டில் ‘இம்மாதம் பயன்பெற்றோர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? ஒரே ஆள் எட்டு முறை வந்து போனால் எட்டுப் பேர் பயன்பெற்றதாக எழுதிக்கொள்ளலாமே.

மையம் மாடியில் இருப்பது உத்தமம். லிப்ட் இருந்தால் சாவி வாட்ச்மேனிடம் இருக்கட்டும். வாட்ச்மேன் சாப்பிடப் போயிருக்கட்டும். தரைத்தளம்தான் கிடைத்தது என்றால் வாசலில் மூன்று படி போதும். சாய்தளம் கட்டியே தீர வேண்டும் என்று மேலிடம் நெருக்கினால் கட்டிவிடுங்கள். ஆனால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்கிற அளவைக் கொத்தனார் காதில் போட்டுவிடாதீர்கள். அவர் தன் போக்கில் மூன்றடியில் முடித்துக் கொடுப்பார். சக்கர நாற்காலி ஏறாது, அதிகாரியின் பைக் நன்றாக ஏறும். ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தே ஆண்டில் மாற்றியமைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்க முடியாது, கட்டாயமாக்குங்கள் என்று தீர்ப்பே எழுதிவிட்டது. இருக்கட்டும். தீர்ப்பை எடுத்துக்கொண்டு உங்களிடம் சண்டைக்கு வர நினைப்பவரும் அந்த மாடியை ஏறித்தானே வர வேண்டும்?

அடுத்தது பேச்சுக்கலை. வந்தவரிடம் பேசாதீர்கள், அவரோடு வந்தவரிடம் பேசுங்கள். பார்வையற்ற இளைஞர் ஒருவர் தங்கையோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“என்னம்மா வேணும் இவருக்கு?”

“அவர்கிட்டயே கேளுங்க சார். எம்.ஏ., பி.எட். முடிச்சிருக்காரு.”

“அடடே, பெரிய விஷயமாச்சே! பாவம். சரி, நீ சொல்லும்மா, என்ன வேணுமாம்?”

இந்தப் ‘பாவம்’ என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். செலவே இல்லாத நலத்திட்டம் அது. நடக்க முடியாதவரிடம் சத்தம் போட்டுப் பேசுங்கள். காது கேளாதவரிடம் அதைவிடச் சத்தமாகப் பேசுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லையா என்று அவர் வீட்டார் கேட்டால், ‘எழுதிக் காட்டச் சொல்லுங்களேன்’ என்று பேனாவை நீட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உதட்டசைவைப் பார்த்தே பாடம் படி என்று வளர்க்கப்பட்டவருக்கு உங்கள் அலுவலகத் தமிழ் எழுதத் தெரிந்திருக்குமா என்ற கேள்வி உங்கள் வேலைக்குள் வராது.

கையெழுத்துப் போடத் தெரிந்தவராக இருந்தாலும் மையை நீட்டிக் கைநாட்டு வாங்குங்கள். சாட்சிக்கு அவருடைய அண்ணனைக் கூப்பிடுங்கள். சொத்து விஷயம் என்றால் அண்ணன் கூப்பிடாமலே வருவார். மாற்றுத்திறனாளி மற்ற எவரையும் போலத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கலாம் என்று 2016 சட்டத்தின் 13-வது பிரிவு சொல்வதை அண்ணனுக்கு நினைவூட்ட வேண்டாம், குடும்பத்தில் குழப்பம் வரும். வங்கிக்கு வழிகாட்டுவதும் இதே பாணிதான். பார்வையற்றவர் காசோலைப் புத்தகம் கேட்டால், ‘ரிஸ்க் சார், ஜாயின்ட் அக்கவுன்ட்டா மாத்திக்கோங்க’ என்ற பதில் கவுண்டரில் தயாராக இருக்கும். காசோலை, ஏ.டி.எம். அட்டை, இணைய வங்கி எதையும் பார்வையற்றவருக்கு மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அந்தக் காகிதம் எந்த பீரோவில் இருக்கிறது என்று தேடிப் போகாதீர்கள். செல்போனிலேயே கணக்கு தொடங்கலாம் என்றால் அதிலும் ஒரு வேடிக்கை. அடையாளம் சரிபார்க்க ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று திரை கேட்கும். அமில வீச்சில் இமைகளை இழந்தவர் எதைச் சிமிட்டுவார்? இதைக் கேட்டுத்தான் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஏப்ரலில், எண்மச் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பு வந்தது.

இனி நம் தொழிலின் உச்சம். சான்றுகளின் பட்டியல். இதை ஒரே தடவையில் சொல்லிவிடும் ஆலோசகர் ஒரு நாளும் உருப்பட மாட்டார். முதல் முறை ஆதார் மட்டும் கேளுங்கள். கொண்டு வந்ததும், ‘இதுல பழைய அட்ரஸ் இருக்கே’ என்று ரேஷன் கார்டைக் கேளுங்கள். ரேஷன் கார்டில் தகப்பனார் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி கூடுதலாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஜெராக்ஸ். பிறகு அந்த ஜெராக்ஸில் அட்டெஸ்டேஷன். பிறகு கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து. அவர் வாரத்தில் எந்த நாள் எந்த ஊரில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது என்பதால் இதில் நீங்கள் சிரமப்படத் தேவையில்லை.

கடைசியாகப் புகைப்படம். பாஸ்போர்ட் அளவில் அழகாக எடுத்து வந்திருப்பார்கள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ‘இதுல ஊனமே தெரியலையே. கால் தெரியற மாதிரி முழு போட்டோ எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லுங்கள். முகம் மட்டும் தெரியும் படம் போதும் என்று மத்திய அரசின் சான்றிதழ்ப் படிவத்திலேயே, படம் ஒட்டும் கட்டத்திற்குள்ளேயே, அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் படம் ஒட்டிய பிறகு அந்த வரி மறைந்துபோகும். வடிவமைத்தவர் நம் ஆள்.

எல்லாம் சேர்ந்துவிட்ட அன்று சர்வர் வேலை செய்யாது.

மருத்துவச் சான்றிதழ் விஷயத்தில் உங்களுக்கு அதிக வேலை இருக்காது, அமைப்பே பார்த்துக்கொள்ளும். எலும்பு மருத்துவர் இருக்கும் முகாமில் கண் மருத்துவர் இருக்க மாட்டார், கண் மருத்துவர் வரும் முகாமுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் விடுப்பு போட்டிருப்பார். சட்டப்படி 40 விழுக்காடு என்பது வாசற்படி. அதற்கு ஒன்று குறைந்தாலும் பெரும்பாலான சலுகைகள் எட்டாது. ‘கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்’ என்று கேட்பவரிடம் மருத்துவர் சிரிப்பார். தகுதி இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம் என்பதை அந்தச் சிரிப்பு மறைத்துவிடும். போலியோவில் சூம்பிய காலுக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் தற்காலிகச் சான்று கொடுப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். மாற வாய்ப்பே இல்லாத குறைபாட்டுக்கு நிரந்தரச் சான்று என்பதுதான் விதி. ஆனால் கால் வளர்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

விண்ணப்பித்த ஒரு மாதத்தில் சான்று தர வேண்டும் என்று 2017 விதிகள் சொல்லின. ஒரு மாதத்தில் கொடுக்க முடியவில்லை என்பது தெரிந்ததும் 2024-இல் விதியையே மூன்று மாதமாகத் திருத்திவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவெடுக்காமல் கிடந்தால் விண்ணப்பம் செயலிழந்துவிடும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம், அல்லது உயிர் கொடுங்கள் என்று கேட்கலாம். தாமதித்தது அவர்கள், செத்தது இவருடைய விண்ணப்பம். இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

குறைபாட்டின் வகைகளைப் பொறுத்தவரை 1995 சட்டத்தின் ஏழோடு உங்கள் அறிவு நின்றுபோகட்டும். புதிய சட்டத்தில் 21 இருக்கின்றன. இரத்தம் உறையாமை, தலசீமியா, நடுக்குவாதம், கற்றல் குறைபாடு, அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் என்று பட்டியல் நீள்கிறது. ‘பாத்தா நல்லாத்தானே இருக்கே?’ என்ற ஒரு கேள்வியில் பாதிப் பேரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பணம் பற்றிக் கேட்பவர்களைக் கையாள்வது சுலபம், ஏனென்றால் கதவு இரண்டு இருக்கிறது. வருவாய்த் துறையின் வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய். அதற்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தாலுகா ஆபீசில் நிற்பவரைக் கலெக்டர் ஆபீசுக்கும், கலெக்டர் ஆபீசில் நிற்பவரைத் தாலுகாவுக்கும் அனுப்புங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை என்பதால் மனசாட்சி உறுத்தாது. ஏறுவதற்கு பஸ் தாழ்வாக இருக்கிறதா என்பது வேறு துறை. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலை முதல் 6,000 கொடுக்கிறார்களாமே என்று யாராவது ஆரம்பித்தால், ‘அங்க போய் வாங்கிக்கோங்க’ என்று சொல்லுங்கள். சபையில் கைதட்டல் கிடைக்கும்.

மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று ஒரு மூன்று சக்கர வண்டி, ஐந்து விருந்தினர், போட்டோ. இதற்குமேல் அந்த நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

அண்மையில் ஒரு புதுத் தலைவலி சேர்ந்திருக்கிறது. கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக உட்கார வைக்க 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. இதுவரை அவர்களுக்காக நாம் பேசினோம், இனி அவர்களே பேசுவார்களாம். நல்லவேளையாக, தேர்தல் இல்லை, நியமனம்தான். ஆகவே எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ஒருவரைக் கண்டுபிடிக்க முயலுங்கள். கிடைக்கவில்லை என்றால் கூட்டத்தை மாடிக்கு மாற்றுங்கள். பொருள்பட்டியலை ஸ்கேன் செய்து வெறும் படமாக அனுப்பினால் பார்வையற்ற உறுப்பினரின் கணினி அதை வாசிக்காது. அவர் கேட்டால், ‘அனுப்பியாச்சே சார், மெயில் வரலையா?’ என்று கேட்கலாம். நடைபாதையில் டிரான்ஸ்பார்மர் குறுக்கே நிற்கிறது என்று அவர் எழுந்தால் தலைவர் உடனே அடுத்த தீர்மானத்துக்குத் தாவ வேண்டும். சிறப்புப் பள்ளிக்குப் பொங்கல் விழாவில் பரிசு கொடுக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்துவிட்டால் இன்னும் நல்லது. குறைசொல்லிகளை மேடையில் ஏற்றிவிடுவது பழைய, நம்பகமான உத்தி.

உங்களுக்குப் போட்டியாளர்களும் உண்டு. உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களைத் திறந்துவருகிறார்கள். இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ், வர முடியாதவர்களைத் தேடி வாகனம் வேறு. வாகனமே வாசலுக்கு வந்தால் அலைச்சல் என்ன ஆவது? அவை எத்தனை ஊரை எட்டுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் நம் தொழிலின் எதிர்காலம். அதைவிட மோசமான போட்டி சங்கக்காரர்கள். தமிழ்நாடு அனைத்துவகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்று பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வந்து அலுவலகத்திலேயே குடியேறும் போராட்டம் என்று உட்கார்ந்துவிட்டால் அவர்களுக்கு மூச்சு வாங்குவதில்லை. ஒரு வருடமாகக் காணாமல்போன கோப்பு அன்றைக்கு மட்டும் மதியத்துக்குள் எப்படிக் கிடைக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. அவர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஒருவருடைய மனுவைப் பத்துப் பேர் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் அடிப்படை விதிக்கு நேர் எதிர்.

கடைசியாக, பூட்டி வைக்க வேண்டியவை. இவை வெளியே கசிந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போகும், எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கியது போகாது. எனவே யாரையும் எழுத விடாதீர்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனு, சுற்றிச் சுற்றி யார் மேல் புகாரோ அவர் மேசைக்கே வந்து, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற பதிலோடு முடியும். அதனால் அதைப் பற்றிப் பயமில்லை. ஆனால் அந்த மனு எண்ணை வைத்துக்கொண்டு பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ‘என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது?’ என்று கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு அலுவலகங்கள் பயப்படும் அளவுக்கு ஆர்ப்பாட்டங்களுக்கும் பயப்படுவதில்லை என்பது என் கருத்து.

அரசு வேலையில் இருக்கும் மாற்றுத்திறனாளியிடம் பாகுபாடு காட்டினால், அந்த அலுவலகத்திலேயே ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், பதிவான புகாரை அவர் இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும், அதிலும் நிறைவில்லை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணைக்கு ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவருக்குப் புகார் எழுத வக்கீல் தேவையில்லை. அவர் ஒரு பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் என்ன செய்தது என்று மூன்று மாதத்தில் தெரிவிக்க வேண்டும். பொது இடத்தில் ஒருவரை அவருடைய ஊனத்தைச் சொல்லி வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. அடி, சுரண்டல், வீட்டில் பூட்டி வைத்தல் என்றால் நிர்வாக நடுவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். புகாரை வாங்கும் காவலர், இலவசச் சட்ட உதவி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று எடுத்துச் சொல்ல வேண்டும். வாங்கும்போதே சொல்லிவிட்டார் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால் அவருக்கு ஒரு டீ வாங்கித் தருகிறேன்.

இலவசச் சட்ட உதவி என்றதும் ‘ஏழைகளுக்கு மட்டும்தான்’ என்று நீங்கள் சொல்லிப் பழக வேண்டும். உண்மை வேறு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-வது பிரிவு: மாற்றுத்திறனாளி என்றால் போதும், வருமான வரம்பு கிடையாது. வழக்கறிஞரை ஆணையமே அமர்த்தும், கட்டணத்தையும் அதுவே கொடுக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம், தாலுகா நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் ஏற்பார்கள். தொலைபேசி எண் 15100.

உதவி மையத்தில் வேலை பார்க்காமல், கையில் மனுவோடு வெளியே காத்திருக்கும்போது இதை யாராவது படித்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவில் தேதி போடுங்கள், இரண்டு நகல் எடுங்கள், ஒன்றில் முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.